தரைப்பாலத்து வெள்ளத்தைத் தடுக்க, சம்பந்தப்பட்ட உள்ளாட்சிகளையும் பள்ளிகளையும் ஒன்றாக அழைத்துப் பேசக் கோரும் மனு

அனுப்புநர்:
ஊர்ப் பொதுமக்கள், பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோர்,
செட்டிநாட்டு வட்டாரம்.
(ஊர் விவரமும் கையெழுத்துகளும் இணைப்பில்)

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்.

பொருள்: இரு மாவட்ட எல்லையில் தூர்ந்து கிடக்கும் வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் கால்வாய்), அதனால் தரைப்பாலத்தில் ஏறும் வெள்ளம், பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைகள் – எல்லா அலுவலர்களையும் ஒரே நாளில் அந்த இடத்துக்கு வரவழைத்துத் தீர்வு காண வேண்டுதல்.

பார்வை: குறைதீர் நாளில் கொடுத்த மனுக்கள், கிராம சபைத் தீர்மானம், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானம். எதற்கும் முடிவு வரவில்லை.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் ஊரும் அந்தத் தரைப்பாலமும் தாங்கள் அறியாதவை அல்ல. ஆய்வுக்காகத் தாங்கள் இந்தப் பக்கம் வந்தபோது அந்தப் பாலத்தின் மேல்தான் வாகனம் வந்தது. அன்று கோடை. பாலம் காய்ந்து கிடந்தது, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் மண்டியிருந்தது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அதே இடம் எப்படி இருக்கும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இந்த மனு. முன்பு கொடுத்தவற்றுக்கு, "உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று கைப்பேசியில் செய்தி வந்தது. அந்த உரிய அலுவலர் யார் என்பது மட்டும் இன்றுவரை எங்களுக்குத் தெரியவில்லை.

1. தண்ணீர் வரும் வழி. இந்த வட்டாரத்து நிலம் திருமயம் பக்கம் மேடு, தேவகோட்டை, தொண்டி பக்கம் சரிவு. மேலே பக்கத்து மாவட்டத்தில் இருக்கும் பெரிய கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வழியும் கலுங்கு விழுந்தால், மறுகால் தண்ணீர் வரத்துக்கால் வழியாக ஒரு பேரூராட்சியைத் தொட்டுக்கொண்டு எங்கள் ஊருணிக்கும் சின்னக் கண்மாய்க்கும் வர வேண்டும். செம்புராங்கல் படி கட்டி, வரத்துக்கால் வெட்டி, ஊருணியை அமைத்தவர்கள் எங்கள் முன்னோர்கள். அப்போது மேலே புதுக்கோட்டை சமஸ்தானம், கீழே சிவகங்கைச் சீமை. இரண்டு ஆட்சிக்கு நடுவே ஓடி வந்த தண்ணீர், ஒரே மாநில அரசுக்குக் கீழே இருக்கும் இரண்டு மாவட்டங்களுக்கு நடுவே நின்றுபோனது.

2. யார் பொறுப்பு என்ற கேள்வி. மேலே இருக்கும் பெரிய கண்மாய் நீர்வளத் துறையுடையது. 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள எங்கள் சின்னக் கண்மாய் ஊராட்சி ஒன்றியத்துடையது. நடுவில் வரும் கால்வாய்த் துண்டு பேரூராட்சி எல்லையில் இருக்கிறது. சாலையில் பாதி ஒன்றியச் சாலை, மீதி பேரூராட்சிச் சாலை. தரைப்பாலம் சரியாக எல்லைக்கல்லை ஒட்டி நிற்பதால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள். எங்கள் பக்கத்து வரத்துக்காலை நூறு நாள் வேலையில் பெண்கள் வெயிலில் நின்று வெட்டிச் சுத்தம் செய்தார்கள். எல்லைக்கல் வந்ததும் மண்வெட்டியைக் கீழே வைக்க வேண்டியதாயிற்று. அந்தத் திட்டம் ஊராட்சிகளுக்கு மட்டும்தான், பேரூராட்சியில் கிடையாது என்றார்கள். சரி, விதி அப்படி. ஆனால் கல்லுக்கு அந்தப் பக்கம் கருவேலமும் குப்பையும் அடைத்துக் கிடக்க, இந்தப் பக்கம் நாங்கள் வெட்டிய கால்வாய் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் இருக்கிறது. அடைப்பில் முட்டிய தண்ணீர் எங்கே போகும்? சாலை மேல் ஏறுகிறது.

3. பிள்ளைகள். ஐயா, இந்த ஒன்றுக்காகத்தான் மறுபடியும் எழுதுகிறோம். மற்றதெல்லாம் பொறுத்துக்கொள்ளக் கூடியது.

எங்கள் ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து தரைப்பாலத்தைத் தாண்டி, பேரூராட்சியில் உள்ள உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். மேலே உள்ள மாவட்டத்துப் பிள்ளைகளும் அதே பள்ளிக்குத்தான் வருகிறார்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை பெய்தால் மினி பஸ் பாலத்துக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். ஓட்டுநரைக் குறை சொல்ல மாட்டோம். தண்ணீருக்கு அடியில் சாலையின் ஓரம் எது, பள்ளம் எது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் பிள்ளைகள் நடக்கிறார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, புத்தகப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்தபடி வரிசையாகப் போகிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இடுப்பளவு தண்ணீர். கரையில் உள்ள பனைமரத்தில் கயிறு கட்டி, அந்தப் பக்கம் மைல் கல்லில் இழுத்து முடிந்திருக்கிறோம். பெற்றோர் இரண்டு பேர் தண்ணீருக்குள் நின்று கை கொடுத்து அனுப்புகிறோம். கூலி வேலைக்குப் போகிறவர்கள் அன்றைய வேலையை விட்டுவிட்டுத்தான் நிற்கிறார்கள். சாயங்காலம் மறுபடி நிற்க வேண்டும். மேலே மழை பெய்து, பிள்ளைகள் பள்ளியில் இருக்கும்போதே தண்ணீர் கூடிவிட்டால், இருட்டும்வரை அந்தப் பக்கம் டீக்கடைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சுற்றுவழியில் ஆட்டோ வைத்து அழைத்து வரலாம், ஆனால் அன்றாடம் அதற்குக் கொடுத்து மாளாது.

நனைந்த சீருடையோடுதான் நாள் முழுக்க வகுப்பு. பெண்பிள்ளைகள் ஈரப் பாவாடையைப் பிழிந்துவிட்டுப் பெஞ்சில் உட்காருகிறார்கள். மாதவிலக்கு நாளில் அந்தத் தண்ணீரில் இறங்கிப் போ என்று எந்தத் தாய் சொல்வாள்? அந்த நாட்களில் பிள்ளைகள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். வடகிழக்குப் பருவமழையும் அரையாண்டுத் தேர்வும் இங்கே ஒன்றாகத்தான் வரும். சென்ற மழையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கணக்குத் தேர்வுக்குப் போய்ச் சேர்ந்தபோது கேள்வித்தாள் கொடுத்து நெடுநேரம் ஆகியிருந்தது. பையில் தண்ணீர் புகுந்து நோட்டுகள் ஒட்டிப்போயிருந்தன. அவளுடைய அம்மா அடுப்படியில் வைத்து ஒவ்வொரு தாளாகப் பிரித்துக் காயவைத்தார். மை கலைந்த பக்கங்களை என்ன செய்வது?

இதனாலேயே எட்டாம் வகுப்போடு நின்ற பெண்பிள்ளை எங்கள் தெருவில் உண்டு. இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறாள். படிப்பு வராமல் நின்ற பிள்ளை இல்லை ஐயா, பாலம் தாண்ட முடியாமல் நின்ற பிள்ளை.

4. பள்ளிகளின் நிலை. தலைமையாசிரியர் தன்னால் முடிந்ததைச் செய்கிறார். மழை நாளில் வருகைப் பதிவை ஒரு மணி நேரம் தள்ளி எடுக்கிறார். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பினார்கள். சாலை எங்கள் துறை இல்லை என்று கல்வித் துறையிலிருந்து பதில் வந்தது. மாணவர் வருகை எங்கள் துறை இல்லை என்று சாலையைப் பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் சேர்க்கையையும் வருகையையும் தொடக்கக் கல்வி முடிவதையும் உறுதிசெய்வது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று சொல்கிறது. எந்த உள்ளாட்சி? பிள்ளை தூங்கி எழும் ஊரின் உள்ளாட்சியா, பள்ளிக்கூடம் இருக்கும் ஊரின் உள்ளாட்சியா, நடுவில் தண்ணீர் நிற்கும் இடத்தின் உள்ளாட்சியா? எங்கள் பிள்ளைகள் எந்தத் துறைக்கு உட்பட்டவர்கள் என்று யாராவது ஒருவர் எழுத்தில் கொடுங்கள், அங்கே போய் நிற்கிறோம்.

5. ஊருணி. மழைக்காலத்தில் பாலத்தை மூழ்கடிக்கும் தண்ணீர் ஊருணிக்கு வருவதில்லை. மாசி, பங்குனியில் ஊருணித் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. டிராக்டர் தண்ணீரைக் குடம் கணக்கில் வாங்குகிறோம்.

6. கேட்க ஆள் இல்லாத நிலை. ஊராட்சித் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியோடு முடிந்தது. அதற்கப்புறம் தனி அலுவலரைப் பார்க்கச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றியம் முழுவதும் வேலை. கிராம சபைத் தீர்மானத்தைக் காட்டினால், உங்கள் ஊராட்சித் தீர்மானம் பேரூராட்சியைக் கட்டுப்படுத்தாது என்கிறார்கள். பேரூராட்சியில் கேட்டால், தண்ணீர் பக்கத்து மாவட்டத்திலிருந்து வருகிறது என்கிறார்கள். பக்கத்து மாவட்டத்தில் கேட்டால், நீங்கள் எங்கள் மாவட்டத்து ஆட்களே இல்லையே என்கிறார்கள். உண்மைதான், நாங்கள் அந்த மாவட்டத்து ஆட்கள் இல்லை. அந்த மாவட்டத்துப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளோடு இதே தண்ணீரில்தான் இறங்குகிறார்கள்.

7. சட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. அரசியலமைப்பின் 74-ஆவது திருத்தம் கொண்டுவந்த 243-இசட்.டி பிரிவு, ஒவ்வொரு மாவட்டத்துக்கும் திட்டக் குழு வேண்டும் என்கிறது. ஊராட்சிகளுக்கும் நகர அமைப்புகளுக்கும் பொதுவான விஷயங்களை, குறிப்பாகத் தண்ணீரைப் பகிர்ந்துகொள்வதை, அந்தக் குழு கணக்கில் எடுக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் வரத்துக்கால் அந்தப் பட்டியலில் வராவிட்டால் வேறு எதுதான் வரும்?

எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தூத்துக்குடி துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த மனுவைப் பற்றிப் பேசும்போது அவர் ஒன்று சொன்னார். பெருந்துறைமுகங்களுக்கான 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, துறைமுக வாரியத்திலேயே மாநில அரசு, ரயில்வே, பாதுகாப்பு அமைச்சகம், சுங்கத் துறை ஆகியவற்றின் உறுப்பினர்கள் இருக்க வேண்டும், தொழிலாளர் தரப்பிலும் ஆட்கள் உண்டு. ஒரு துறைமுகத்தில் இத்தனை துறைகள் கலந்துதான் வேலை நடக்கும் என்பதால் அவர்களை ஒரே வாரியத்தில் உட்கார வைத்திருக்கிறது சட்டம். சரக்குக்குச் செய்வதைப் பிள்ளைகளுக்குச் செய்யக் கூடாதா? வாரியம் எல்லாம் எங்களுக்கு வேண்டாம். ஒரு நாள் காலையில் எல்லோரும் அந்தப் பாலத்தடியில் வந்து நின்றால் போதும்.

காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகள் அதோடு சேர்ந்தன. அரசு நினைத்தால் எல்லைக்கோடே இடம் மாறும். நாங்கள் எல்லைக்கோட்டை மாற்றச் சொல்லவில்லை. கோட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளவர்கள் பேசிக்கொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறோம்.

8. எனவே ஐயா, பருவமழை தொடங்குவதற்குள், பக்கத்து மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு பேசி, இரண்டு ஒன்றியங்களின் வட்டார வளர்ச்சி அலுவலர்கள், பேரூராட்சிச் செயல் அலுவலர், நீர்வளத் துறைப் பொறியாளர், இரு பக்கத்து வட்டாட்சியர்கள், பள்ளிகளின் தலைமையாசிரியர்கள், பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்கள் ஆகிய எல்லோரையும் ஒரே நாளில் தரைப்பாலத்துக்கு வரவழைக்க வேண்டுகிறோம். அலுவலகத்தில் கூட்டம் வேண்டாம். அங்கே வரைபடத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார்கள். அந்த இடத்தில் நின்று பேச வேண்டும். புலப்படத்தோடு (நில அளவை வரைபடத்தோடு) நில அளவர் வந்து வரத்துக்காலின் அகலத்தை அளந்து கல் நட வேண்டும். பேரூராட்சி எல்லைக்குள் உள்ள அடைப்பை யார் பணத்தில், எந்தத் தேதிக்குள் எடுப்பது என்று அன்றைக்கே எழுதிக் கையெழுத்திட வேண்டும். ஆள் பற்றாக்குறை என்றால் நாங்கள் வருகிறோம், மண்வெட்டி எங்களிடம் இருக்கிறது. எல்லைக்கல்லுக்கு அப்பால் வெட்ட அனுமதி மட்டும் கொடுங்கள்.

தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாகக் கட்ட மதிப்பீடு தயாரிக்க உத்தரவிட வேண்டும். அதற்கு நாளாகும் என்பது தெரியும். அதுவரை மழை நாட்களில் சுற்றுவழியாகப் பிள்ளைகளுக்கு ஒரு பஸ், காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை விட வேண்டும். தேர்வு நாளிலாவது விட வேண்டும். பிள்ளைகள் வந்து சேரும் வரை தேர்வு மணியை அடிக்காமல் பொறுக்கப் பள்ளிக்கு எழுத்து மூலமாக அனுமதி தர வேண்டும், தலைமையாசிரியர் தன் பொறுப்பில் எத்தனை முறைதான் பொறுப்பார்?

இந்த மனுவையும் "உரிய அலுவலருக்கு" அனுப்பிவிட வேண்டாம் ஐயா. எந்த ஒரு அலுவலராலும் தனியாக முடிக்க முடியாத வேலை என்பதால்தான் தங்களிடம் வந்திருக்கிறோம். எல்லோரையும் வரச் சொல்லும் அதிகாரம் தங்களுக்கு இருக்கிறது. கூட்டத்தின் தேதியைத் தெரிவித்தால் ஊரே அங்கே இருப்போம். ஐப்பசி பிறப்பதற்குள் அந்தத் தேதியைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஊர்ப் பொதுமக்கள், பெற்றோர்.

இணைப்பு: கையெழுத்துப் படிவம், கிராம சபைத் தீர்மான நகல், பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மான நகல், மழை நாளில் எடுத்த புகைப்படங்கள்.

நகல்: பக்கத்து மாவட்ட ஆட்சித் தலைவர், முதன்மைக் கல்வி அலுவலர், பேரூராட்சிச் செயல் அலுவலர்.