60 வாக்குகள் இல்லாத பெரும்பான்மை

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அதிபர் பதவியும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் குடியரசுக் கட்சியின் வசம் இருந்தும், 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் அமெரிக்க அரசு முடங்கியதற்கு ஆளுங்கட்சியின் திறமையின்மையே காரணம் என்று தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை கூறுகிறது. மேலவையான செனட் சபையின் விதிகளைக் கணக்கில் கொள்ளாத முடிவு இது.

100 உறுப்பினர்கள் கொண்ட செனட்டில் மசோதாவை நிறைவேற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதும். ஆனால், விவாதத்தை முடித்து அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர, வரவுசெலவு சார்ந்த சில மசோதாக்கள் நீங்கலாக, 60 வாக்குகள் வேண்டும். குடியரசுக் கட்சிக்கு இருந்தவை 53 இடங்கள். அரசின் செலவுக்குப் பணம் ஒதுக்கும் நிதி மசோதா அந்த விலக்கில் வராது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறிய அது செனட்டில் திரும்பத் திரும்ப இங்கேதான் சிக்கியது. ஜனநாயகக் கட்சியினர் 7 பேரும் அவர்களோடு இணைந்து இயங்கும் சுயேச்சை ஒருவரும் ஆதரவளித்த பிறகே வழி பிறந்தது. இந்த 60 என்ற எண் அரசியல் சாசனத்தில் இல்லை. செனட் தனக்குத் தானே வகுத்துக்கொண்டது. 1917இல் மூன்றில் இரண்டு பங்காகத் தொடங்கி, 1975இல் ஐந்தில் மூன்றாகக் குறைக்கப்பட்டது.

இந்த விதி மிகக் கொடிய நோக்கங்களுக்கும் பயன்பட்டிருக்கிறது. கறுப்பின மக்களுக்குச் சம உரிமை தரும் மசோதாவை 1964இல் தென் மாநில உறுப்பினர்கள் வாரக்கணக்கில் பேசியே தடுத்து நிறுத்தினார்கள். அன்று தேவைப்பட்டவை 67 வாக்குகள். ஜனநாயகக் கட்சிக்கு இருந்தவையும் சரியாக 67 இடங்கள். ஆனால் அக்கட்சியினரில் 23 பேர் எதிர்த்து நின்றார்கள். மசோதாவை முன்னின்று நடத்திய ஆளுங்கட்சிக் கொறடா ஹூபர்ட் ஹம்ப்ரியால் அவர்களை அசைக்க முடியவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் எவரெட் டர்க்சன் தம் கட்சியினரைத் திரட்டித் தந்ததால்தான், ஜூன் 10 அன்று 71க்கு 29 என்ற கணக்கில் தடை உடைந்தது. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கலிபோர்னியாவின் கிளேர் எங்கிள் சக்கர நாற்காலியில் அழைத்துவரப்பட்டு, தம் கண்ணைச் சுட்டிக்காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணும் ‘ஆம்’ என்ற வாக்கும் ஒரே ஒலி என்பதால் அது ஆதரவாகப் பதிவானது. கட்சி எல்லையைத் தாண்டி வாக்களிக்க அன்று இரு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள் என்பதே இதில் முக்கியமானது.

இன்று அப்படிப்பட்டவர்கள் அருகிவிட்டார்கள். விதி மட்டும் நிலைத்திருக்கிறது. போதாக்குறைக்கு, 1970களில் வந்த நடைமுறை மாற்றத்தால், தடுப்பவர் அவையில் நின்று பேச வேண்டிய கட்டாயமும் போய்விட்டது. 1957இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பாதுகாக்கும் குடிமை உரிமை மசோதாவை எதிர்த்து, தென் கரோலினா செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் 24 மணி நேரம் 18 நிமிடங்கள் பேசினார். தடுப்பவர் யார், எதற்காகத் தடுக்கிறார் என்பதை நாடே பார்த்தது. அந்தக் கட்டாயத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதே என் கருத்து. அரசு முடங்கும்போது விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களைச் சம்பளமின்றி வேலை செய்யவிட்டு, உறுப்பினர்கள் மட்டும் அலட்டிக்கொள்ளாமல் மசோதாவை முடக்கிவைப்பது நியாயமல்ல.

அமெரிக்க நாடாளுமன்றத்தைப் பற்றி இனி எழுதும்போது, யாருக்குப் பெரும்பான்மை என்பதோடு, குறிப்பிட்ட மசோதாவுக்கு எத்தனை வாக்குகள் தேவைப்பட்டன என்பதையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தஞ்சாவூர்.