பரோட்டா மாவும் வெப்பம் தாங்கும் கோதுமையும்: உணவு ஆய்வுக்கு நிதி ஒதுக்குவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் தேக்காவில் என் தந்தையார் பரோட்டாக் கடை நடத்தினார். மாவுருண்டையைத் தட்டி, வீசி, மறுபக்கம் தெரியுமளவு அவர் விரிக்கும்போது, சில மூட்டை மாவு மட்டும் நடுவில் கிழிந்துவிடும்; எந்த ஊர் வெயிலில் காய்ந்த கோதுமையோ என்று முணுமுணுப்பார். கிழிவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும், கோதுமை மணி முற்றும் பருவத்தில் 35 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் சில நாள் நீடித்தாலே, மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் புரதங்களின் விகிதம் மாறி மாவின் வலு குறையக்கூடும் என்பதைத் தாவர உயிரியல் படித்தபோது அறிந்துகொண்டேன்.

நம் உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதியாவதால், பல நாடுகளிடம் வாங்குவதையே காப்பாகக் கொண்டிருக்கிறோம். அது சரியான வழிதான். ஆனால், 2022 மார்ச்சில் வெப்பம் தாக்கியபின் மே 13 அன்று இந்தியா கோதுமை ஏற்றுமதியைத் தடைசெய்தது. அத்தகைய வெப்பம் ஒரே பருவத்தில் பல நாடுகளைத் தாக்கினால் யாரிடம் வாங்குவது? ஆகவே, இங்கு ஒருபோதும் விளையாத கோதுமையின் மரபணு ஆய்வுக்கும் நிதியில் ஒரு பங்கு வேண்டும் என்பதே என் கோரிக்கை.

வெப்பம் தாங்கும் தன்மைக்கென்று ஒற்றை மரபணு இல்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல். ரொட்டிக் கோதுமை மூன்று மூதாதைப் புல்லினங்களின் மரபுத்தொகுதிகளை, அதாவது முழு மரபணுத் தொகுப்புகளை, சுமக்கிறது. அதன் 42 குரோமோசோம்கள் 21 இணைகளாக உள்ளன. இணைக்கு ஒன்றாக எடுத்தால் ஏறத்தாழ 1,600 கோடி டி.என்.ஏ. எழுத்துகள், அதாவது மனிதருடையதைப்போல் ஐந்து மடங்கு. பல மரபணுக்களுக்கு மும்மூன்று பிரதிகள் இருப்பதால், ஒன்றில் நேரும் மாற்றத்தை மற்ற இரண்டும் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன. இவ்வளவு பெரிதாகவும் ஒன்றையொன்று ஒத்த பிரதிகள் நிறைந்ததாகவும் இருப்பதால், அந்த மரபுத்தொகுதியின் ஏறத்தாழ முழுமையான வரைபடம் 2018இல்தான் வெளிவந்தது. மணியில் மாவுச்சத்தைச் சேர்க்கும் நொதி 30 டிகிரியைத் தாண்டினால் தளர்கிறது. ஒளிச்சேர்க்கைக்குத் துணைநிற்கும் ரூபிஸ்கோ ஆக்டிவேஸ் என்ற புரதமும் வெப்பத்தை எளிதில் தாங்காது. எனினும், அதன் ஒரு வடிவத்தில் புரதத்தின் கட்டுமான அலகான அமினோ அமிலம் ஒன்றை மட்டும் மாற்றியபோது அதன் வெப்பத் தாங்குதிறன் சில டிகிரி உயர்ந்ததை ஆய்வகத்தில் கண்டிருக்கிறார்கள். வயலில் அது விளைச்சலாக மாறுமா என்பது வேறு கேள்வி; அதற்குத்தான் ஆண்டுகளும் பணமும் தேவை.

நிலம் இல்லையே என்பீர்கள். நாளுக்கு 22 மணிநேர விளக்கொளியில், மூடிய அறைக்குள் ஆண்டுக்கு ஆறு தலைமுறைக் கோதுமையை வளர்க்கும் முறை இருக்கிறது. வெப்பத்தையும் அங்கே நாமே கூட்டிக் குறைக்கலாம். அப்படித் தேர்ந்தெடுக்கும் விதைகளை, தாமதமாக விதைத்து வெப்பத்தில் சோதிக்கும் மெக்சிகோவின் சிம்மிட் எனும் பன்னாட்டு மக்காச்சோள, கோதுமை ஆய்வு மையத்தின் நிலையம் போன்றவற்றுக்கு அனுப்பி வயலில் பார்க்கச் சொல்லலாம். அடுத்த நிதிச் சுற்றில் இதற்கென ஒரு சிறு பிரிவைத் திறந்து, முதல் மூன்றாண்டுகளுக்கேனும் இயக்கிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பரோட்டாக் கடைக்காரரின் மகள்