இரவு 11 மணிக்கு மேல் அந்தத் திரையை அணையுங்கள்

எங்கள் பேரூராட்சித் தலைவர் அவர்களுக்கும் செயல் அலுவலர் அவர்களுக்கும் வணக்கம்.

பேருந்து நிலைய விளம்பரத் திரை பற்றி ஆவணி முதல் மூன்று மனுக்கள் கொடுத்துவிட்டேன். மூன்றுக்கும் ரசீது இருக்கிறது, பதில் ஒன்றுக்கும் இல்லை. விவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. கேபிள் டிவிக்காரர் கழித்துப் போட்ட அந்த 12 அடி டிஷ்ஷை என் மொட்டை மாடியில் நீங்களே வந்து பார்த்திருக்கிறீர்கள். பள்ளிப் பிள்ளைகள் ஐந்து பேரோடு அதில் ஆண்ட்ரொமீடா மண்டலத்தின், அதாவது நம் பால்வெளிக்கு அண்டையிலுள்ள பெரிய நட்சத்திரக் கூட்டத்தின், ஹைட்ரஜன் வாயு அனுப்பும் ரேடியோ அலையை அளந்து வருகிறேன்.

25 லட்சம் ஒளியாண்டு கடந்து வரும் அலை அது. ஹைட்ரஜன் அலையின் அதிர்வெண் 1420.4 மெகாஹெர்ட்ஸ். அதற்காகவே 1400 முதல் 1427 வரை எவரும் ஒலிபரப்பக் கூடாது என்று உலக நாடுகள் விதி வைத்திருக்கின்றன. உங்கள் திரை ஒலிபரப்பவில்லைதான். ஆனால் அதன் மின்சுற்றுகளிலிருந்து ரேடியோ இரைச்சல் கசிகிறது. முதலில் ஊர் விசைத்தறிகளைச் சந்தேகித்தோம். ஆயுத பூஜைக்குத் தறிகள் நின்றபோதும் இரைச்சல் குறையவில்லை. சின்ன ஏரியலைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்தோம். திரைக்கு அடியில்தான் அது உச்சம்.

ஐப்பசி மழையில் ஓர் இரவு மரம் சாய்ந்து ஊரே இருண்டது. எங்கள் கருவி பேட்டரியில் ஓடியது. கணினியில் எப்போதும் முள்காடாக நிற்கும் கோடுகள் படுத்துவிட்டன. 40 நிமிடப் பதிவைக் கூட்டிப் பார்த்தபோது 1421.8-ஐ ஒட்டி ஒரு மேடு எழுந்தது. ஆண்ட்ரொமீடா நொடிக்கு சுமார் 300 கிலோமீட்டர் வேகத்தில் நம் பக்கம் வருகிறது. நெருங்கி வருவதன் அலைக்கு அதிர்வெண் கூடும். மேடு எழ வேண்டிய இடம் அதுதான். தறி ஓட்டுபவரின் மகள், ஒன்பதாம் வகுப்பு, டார்ச்சைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு கட்டத்தாளில் புள்ளி வைத்தாள். டிஷ்ஷைத் தென்மேற்கு ஓரத்துக்குத் திருப்பினோம். மண்டலம் சுழல்வதால் அந்த ஓரம் இன்னும் வேகமாக வருகிறது. மேடு வலப்பக்கம் நகர வேண்டும். நகரத் தொடங்கியது. எட்டாவது புள்ளியில் மின்சாரம் வந்தது, நகைக்கடை விளம்பரம் ஒளிர்ந்தது, மேடு மூழ்கிப்போனது. "சார், இன்னொரு தடவை கரண்ட் போகுமா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறது.

11 மணிக்கு மேல் அந்த நிலையத்துக்கு ஒரு பஸ்ஸும் வருவதில்லை. யாருக்காக எரிகிறது அந்தத் திரை? நூலகக் கூரை மூன்று மழைக்காலமாக ஒழுகுகிறது. பள்ளி ஆய்வகத்தில் உடைந்த ஜன்னலுக்கு அட்டை வைத்திருக்கிறார்கள். கேட்டால் நிதி இல்லை. விளம்பரத்துக்கு மட்டும் விடிய விடிய மின்சாரம். இதே கொங்கு மண்ணுக்கு மேலே, உதகை முத்தோரையில், அந்த இடத்தின் அட்சரேகைக் கோணத்துக்கு ஒத்த சரிவு தேடி மலையேறினார் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப். 1970-இல் 530 மீட்டர் நீளத்துக்கு ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. எங்கள் பிள்ளைகள் மலை கேட்கவில்லை. ஐந்து மணி நேரம் கேட்கிறார்கள்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவு 11 முதல் 4 மணி வரை திரையை அணைத்து வைக்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தை பிறந்துவிட்டால் 11 மணிக்கெல்லாம் ஆண்ட்ரொமீடா அடிவானத்துக்கு இறங்கிவிடும். கார்த்திகையும் மார்கழியுமாவது கொடுங்கள். முதலில் ஒரு வாரம் அணைத்துப் பாருங்கள். எட்டுப் புள்ளியோடு நிற்கும் கட்டத்தாளை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணோடு அலுவலகத்துக்கு நானே வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்