ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ

அன்புள்ள சேகர்,

நலம். பேத்தி பிறந்த செய்தியில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

உன் கேள்வி நியாயமானதுதான். நெல் குதிரில் கிடக்கும். உருளைக்கிழங்கோ மூன்றாம் மாதமே முளைவிட்டுச் சுருங்குகிறது. இதை நம்பித் தென் அமெரிக்க மலைகளில் ஒரு சனம் எப்படிப் பிழைத்தது? கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். அதை வெளியேற்றத் தெரிந்துதான் பிழைத்தார்கள்.

பெரு, பொலிவியா எல்லையில் தித்திகாகா ஏரி, 3,800 மீட்டர் உயரத்தில். சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பு காட்டுக் கிழங்கைப் பயிராக்கியது அந்தப் பக்கத்தில்தான். அவர்கள் போடும் வற்றலுக்குச் சுன்யோ என்று பெயர். நம் மொட்டைமாடி வற்றலுக்கு வெயில் போதும். இதற்குப் பனியும் வேண்டும். ஜூன், ஜூலை அங்கே மழையில்லாத குளிர்காலம். முதல் வேலை, கிழங்கை அளவுவாரியாகப் பிரிப்பது. கலந்து பரப்பினால் சிறியது உறைந்த பிறகும் பெரியதன் நடு உறையாமல் நிற்கும், அழுகல் அங்கிருந்துதான் கிளம்பும். தரையில் ஒற்றை அடுக்காகப் பரப்பி, பூஜ்யத்துக்குக் கீழே ஐந்து டிகிரி போகும் பனியில் மூன்று நான்கு ராத்திரி விடுவார்கள். உள்ளே தண்ணீர் பனிக்கட்டியாகிச் சதையை நுணுக்கமாகக் கிழித்துவிடும். பகலில் இளகியதும் சிறு குவியலாகக் கூட்டி வெறுங்காலால் மிதிப்பார்கள். தோல் உரியும், தண்ணீர் பீய்ச்சும், கசப்பிலும் கொஞ்சம் கழியும். அப்புறம் வெயில். ஐந்து கிலோவுக்கு ஒரு கிலோ மிஞ்சும்: கூழாங்கல் மாதிரி கறுத்து, கையில் எடுத்தால் தக்கையாக இருக்கும். வருஷக்கணக்கில் கெடாது. நடுவில் மேகம் மூட்டி ராத்திரிக் குளிர் குறைந்தால் போச்சு, அத்தனையும் நாறிவிடும்.

கடும்பனி தாங்கும் ரகங்கள் அப்படியே தின்ன முடியாத கசப்பு. அவற்றை உறையவைத்து, ஓடும் தண்ணீரில் சில வாரம் ஊறப்போட்டு வெள்ளைச் சுன்யோ ஆக்குவார்கள். ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட இன்கா அரசு சுன்யோவைக் கிடங்குகளில் அடுக்கி வைத்தது. பின்னாளில் பொலிவியாவின் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு அதைக் கொண்டுபோய் விற்றே ஸ்பானியர் சிலர் பணக்காரர்களாகி ஊர் திரும்பினார்கள்.

ஐரோப்பாவுக்குக் கிழங்கு போனது, இந்தக் கைப்பக்குவம் போகவில்லை. போயிருந்தாலும் அயர்லாந்தின் ஈரக் காற்றில் பலித்திருக்காது. அங்கே கூலியாள் ஒருவர் நாளுக்கு ஐந்து கிலோவுக்குமேல் உருளைதான் தின்றார். கோடையில் பழையது தீர்ந்திருக்கும், புதியது விளைந்திருக்காது. வருஷா வருஷம் பஞ்ச மாதங்கள். ஏழைகள் நட்டது பெரும்பாலும் லம்ப்பர் என்ற ஒரே ரகம். கிழங்கையே நறுக்கி நடுவதால் ஒவ்வொரு செடியும் மற்றதன் நகல். 1845-இல் பின்பருவ இலைக்கருகல் என்ற பயிர்நோய் வந்தது. நோய் வித்துகளை மழை இலையிலிருந்து மண்ணுக்குள் இறக்கியது. தோண்டும்போது நன்றாக இருந்த கிழங்கு, சேமிப்புக் குழியில் சில நாளில் கூழாயிற்று. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். அப்போதும் தானியக் கப்பல்கள் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. பழி முழுவதையும் கிழங்கின் தலையில் கட்டக்கூடாது.

இலைக்கருகலுக்கு மருந்து கிடைக்க 40 ஆண்டு ஆனது: 1885-இல் பிரான்சில், திராட்சைக்காகக் கண்டுபிடித்த போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரில், ஒரு கிலோ சுண்ணாம்பு வேறு 50 லிட்டரில். மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. தேய்த்த கத்தியை முக்கிப் பார், செம்பு படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. கருகல் வருமுன்னே தெளித்தால்தான் பலன். வந்த பிறகு தெளிப்பது வீண்.

உன் மூட்டையை இருட்டில், காற்றோட்டமாக வை. வெளிச்சம் பட்டுப் பச்சை பிடித்து, கசக்கிற கிழங்கைத் தூர எறி. அதில் ஊறும் நஞ்சு வேகவைத்தாலும் போகாது.

அன்புடன்,
ராமு