ஆச்சியின் காது

அன்புள்ள அக்கா,

நேற்று பாபநாசத்தில் அம்மாவுக்கு முதல் திதி கொடுத்துவிட்டு வந்தேன். நீ வரமாட்டாய் என்று தெரிந்தும் படித்துறையில் இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம், ஆனால் பதினாறாம் நாள் பட்டாசலில் அத்தனை பேர் கேட்க நான் சொன்னதை, அவர்களும் படிக்கும் இடத்தில்தான் திருத்த வேண்டும்.

ஆச்சி படத்தில் சேலை வெள்ளை, நெற்றியில் பொட்டு இல்லை, ஆகவே தாத்தா போனபின் தனக்கென்று எடுத்துக்கொண்ட படம் என்பது உன் கட்சி. கொழும்பில் இருந்த தாத்தாவுக்கு அனுப்ப எடுத்தது என்பது என் கட்சி. அக்காலத்தில் புழங்கிய ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற கறுப்பு வெள்ளை பிலிம் சிவப்பை உணராது, நீலத்தை மிகையாக வாங்கும். வெளிர்நீலச் சேலை அதில் வெள்ளையாகத் தெரியும், குங்குமம் கறுத்து மாநிற நெற்றியோடு கலந்துவிடும். இதை நான் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய். ஆனாலும் சேலையையும் பொட்டையும் வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது என்பதை இன்றும் சொல்வேன். தாத்தா இறந்த செய்தி வந்த அன்றே ஆச்சி காதில் தொங்கிய பாம்படத்தைக் கழற்றிவிட்டதால், சாட்சி சொல்லக்கூடியது காது ஒன்றுதான். அதன்மேல்தான் நமக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்தே பூஞ்சை படர்ந்திருந்தது.

அம்மாவின் படத்தைப் பக்கத்தில் மாட்டலாம் என்று அந்தச் சட்டத்தை இறக்கினேன். பின்பலகையைப் பெயர்த்தபோது படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. படத்தாளின்மேல் பூசியிருக்கும் ஜெலட்டின் ஈரம் குடித்தால் அப்படித்தான் பிடித்துக்கொள்ளுமாம். கண்ணாடியோடேயே வைத்துப் பிரதி எடுப்பதுதான் முறையாம். நான் நகத்தை நுழைத்து இழுத்தேன். பழைய தபால்தலை உரிவதுபோல் மெல்லிய ஓசை கேட்டது. முகம் தாளோடு வந்துவிட்டது, காது கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. பூஞ்சையும் பாதி தாளோடு போயிருந்ததால், கண்ணாடியை சன்னலுக்கு நேரே பிடித்தபோது, கட்டைவிரல் நகமளவு இடத்தில் அந்தக் காது தெளிவாகத் தெரிந்தது. தோள்வரை இறங்கிய மடல். நடுவில் பெரிய துளை. அதில் ஒன்றும் இல்லை.

ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். ஏன் துடைத்தேன் என்று நீ கேட்பாய். படத்தைக் கெடுத்தவன் என்று பெயர் வாங்கப் பயந்தேன் என்பது பாதி. மீதிப் பாதியை வீட்டு விஷயமாகவே விட்டுவிடுகிறேன். பிறகு பதினாறாம் நாள் நீ படத்தைக் கையில் வாங்கி, “இந்த இடம் எப்படிலே வெளுத்துச்சு?” என்று கேட்டபோது, “காதில் பாம்படம் இருந்தது, நான் கண்ணால் பார்த்தேன்” என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை. படத்தை என் மடியில் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினாய்.

பொய் சொன்னேன், அக்கா. மன்னித்துவிடு. ஆனால் வெறுங்காது என்பதாலேயே நீ ஜெயித்துவிட்டதாக ஆகாது. அந்த மாதம் பாம்படம் அடகில் இருந்திருக்கலாம். தாத்தாவின் பணம் வராத மாதங்கள் எத்தனையோ உண்டு. அடகு என்றதும் உனக்குக் கோபம் வருகிறது. உன் கல்யாணத்துக்கு அதை உருக்கியபோது, உள்ளே நிரப்பியிருந்த அரக்கு போக மிஞ்சிய தங்கம் இவ்வளவுதானா என்று நீ முகம் சுளித்ததை ஆச்சியும் பார்த்தாள். அன்று அவளுடைய காது உன் கண்ணில் படவில்லை.

இதை அழித்துவிட்டுத்தான் அனுப்ப நினைத்தேன், அழிக்கவில்லை.

படம் உன்னிடம் இருக்கட்டும் என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மருமகன் அம்பாசமுத்திரம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். புதுக் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடச் சொல்லியிருக்கிறேன். காது இருந்த இடத்தைப் பூசித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார், வேண்டாம் என்றேன். மழைக்கு ஓதம் ஏறாத சுவராகப் பார்த்து மாட்டு.

உன் தம்பி