பராஹாவுக்கு, சிங்கப்பூரிலிருந்து

அன்புள்ள ரூபென் பராஹா அவர்களுக்கு,

வலென்சியா காற்பந்துக் குழு உங்களைப் பயிற்றுவிப்பாளர் பதவியிலிருந்து அனுப்பி ஓராண்டுக்கு மேல் ஆகிறது. 2024இல் கிறிஸ்துமஸுக்கு இரண்டே நாள் இருக்கும்போது சொன்னார்கள். அன்றே உட்கார்ந்து எழுதியிருந்தால் கண்டபடி எழுதியிருப்பேன், அதில் பாதி உங்கள்மேல் போயிருக்கும். கோபம் இப்போதும் முழுசாக அடங்கவில்லை. ஆனால் இன்னும் தள்ளிப்போட்டால் எழுதவே மாட்டேன்.

சிங்கப்பூர் என்றதும் உங்களுக்கு யார் ஞாபகம் வரும் என்று தெரியும். எங்கள் ஊர்ப் பணக்காரர் பீட்டர் லிம் 2014இல் உங்கள் குழுவை வாங்கினார். நான் அதற்கு வெகு முன்பே உங்கள் ரசிகன். இந்த வரிசையை யாரும் மாற்றிப் புரிந்துகொள்ளக் கூடாது என்பதால்தான் சொல்கிறேன். 2002 ஜூன், குவாங்ஜூவில் தென்கொரியாவோடு ஸ்பெயினுக்கு உலகக் கோப்பைக் காலிறுதி. இங்கே சனிக்கிழமை மதியம். கோப்பிக்கடையே கொரியா பக்கம் நின்றது, ஆசியக் குழு அல்லவா. நீங்கள் தாவி எட்டப் போன பந்து வலைக்குள் விழுந்தது, நடுவர் கோல் இல்லை என்றார். அப்புறம் பெனால்டிக்கு உங்கள் முறை வந்தது. அவ்வளவு அநியாயத்துக்குப் பிறகும் வந்து சரியாக அடித்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள். ஸ்பெயின் தோற்றது. எனக்கு அன்றைக்கே ஆள் கிடைத்துவிட்டார்.

கோப்பைகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எஸ்பான்யோலுக்கு எதிராகப் பத்துப் பேரோடு நின்றபோது நீங்கள் அடித்த இரண்டு கோலைப் பற்றிப் பேச வலென்சியாவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் பேசாதது 2015இலிருந்து 2020வரை இரண்டாம் டிவிஷனில் பயிற்றுவிப்பாளராக நீங்கள் அலைந்த காலம். எல்சே, ராயோ வயேகானோ, ஹிஹோன், தெனெரிஃபே, சரகோசா. இந்த ஐந்து பெயரையும் உங்கள் தோல்விப் பட்டியலாகவே பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது எப்போதுமே எரிச்சலாக இருக்கும்.

நீங்கள் எல்சேக்குப் போனபோது அந்தக் குழு திடலில் தோற்று இறங்கியிருக்கவில்லை. முதல் டிவிஷனில் 13ஆம் இடத்தில் முடித்தும் கடன் பாக்கிக்காகக் கீழே தள்ளினார்கள். பெரியவர்கள் குழு ஒன்றை நீங்கள் முதன்முதலாகத் தனியாக ஏற்றது அங்கேதான். ராயோவில் நான்கு மாதம்கூட விடவில்லை. சரகோசாவில் மூன்று மாதம், அதுவும் கொரோனா காலத்தில், ஆளே இல்லாத அரங்குகளில். 22 குழுக்கள், 42 ஆட்டங்கள் உள்ள ஒரு லீக்கில் மூன்று மாதத்தை வைத்து ஒரு மனிதரை எடைபோட்டு முடித்துவிட முடியுமா? முடியும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். ஹிஹோனை மட்டும் டிசம்பரில் ஏற்று நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனீர்கள். மேலே ஏற இன்னும் இரண்டு சுற்றுதான். அங்கே குறுக்கே வந்தது வயாதொலித். நீங்கள் பிறந்த ஊர், முதன்முதலாக ஜெர்சி போட்ட குழு. இரண்டு ஆட்டத்திலும் அவர்கள்தான் வென்றார்கள். அந்த 2018 ஜூனில் உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று பல முறை யோசித்திருக்கிறேன்.

அதே சமயம் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் உங்கள் குழுக்களின் ஆட்டம் எனக்குப் பல நாள் பிடிக்கவில்லை. கடைசி நேரத்தில் பெனால்டி பெட்டிக்குள் ஓடி வந்து கோல் அடித்த மனிதர், ஒரு புள்ளியைக் காப்பாற்றப் பின்னால் ஆளை அடுக்கிக்கொண்டிருந்தார். பத்தாண்டு எங்களுக்குக் காட்டியதை இந்தப் பையன்களுக்கு ஏன் சொல்லித்தரவில்லை என்று திட்டியிருக்கிறேன். அப்போது எனக்கு விளங்காத அந்தப் பழக்கம்தான் 2023இல் வலென்சியாவைக் காப்பாற்றியது. பயிற்றுவிப்பாளர் கட்டூசோ போய், குழு இறங்குமுகத்தில் நின்றபோது, இரண்டு வருஷத்துக்கு மேல் வேலையில்லாமல் இருந்த உங்களைக் கூப்பிட்டார்கள். சோசியேடாடை 1-0, ஒசாசுனாவை 1-0. அழகாக இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

அப்புறம் ஏப்ரல் 27.

மறுபடியும் வயாதொலித், இந்த முறை நம் அரங்கமான மெஸ்தாயாவில். 1-1. இங்கே நடுச்சாமம் தாண்டிவிட்டது. வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். டிவி சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தேன், திரைக்கு ரொம்பப் பக்கத்தில். 93ஆவது நிமிடம். ஹவி குவெர்ராவின் காலுக்குப் பந்து வந்தது. 19 வயது. கொஞ்ச நாள் முன்புவரை அந்தப் பெயரே எனக்குத் தெரியாது. பக்கத்தில் தள்ளிவிடுவான் என்றுதான் நினைத்தேன். இறங்கப் போகிற குழுவில், கடைசி நிமிடத்தில், அந்த வயதில் யாரும் அதைத்தான் செய்வார்கள். அவன் பெட்டிக்கு வெளியே நின்றே அடித்தான். வலை அசைந்ததைப் பார்த்தேன். மெஸ்தாயாவே எழுந்து நின்றது. ஆயிரக்கணக்கான வாய்கள் திறந்திருந்தன, ஆனால் என் டிவியில் ஒரு சத்தமும் இல்லை. சோபாவில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டு கத்தினேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள் என்று பார்க்கத் தோன்றவே இல்லை. கேமரா உங்கள் பக்கம் திரும்பியிருந்தாலும் நான் பார்த்திருக்க மாட்டேன்.

சீசன் முடிந்து புள்ளிப் பட்டியலை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். வலென்சியா 42, அல்மேரியா 41, வயாதொலித் 40. அந்த ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தால் வலென்சியாவுக்கு 40, மற்ற இரண்டுக்கும் 41. இறங்கியிருப்போம். ஒரே ஒரு அடி. அந்த நிமிடத்தில் அந்தப் பையனைத் திடலில் வைத்திருந்தது நீங்கள். அந்த அடியால் கீழே போனது உங்கள் சொந்த ஊர். பேட்டிகளில் இதைப் பற்றிப் பெரிதாகப் பேசி நான் கேட்டதில்லை. பேசியிருந்தால் எனக்குப் பிடித்திருக்காது என்றும் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகும் விகோவில் ஆல்பெர்தோ மாரி, ரியால் மாட்ரிட்டுக்கு எதிராகவும் கடைசி நாள் செவியாவில் பெத்திஸுக்கு எதிராகவும் தியெகோ லோபெஸ் கோல் அடித்தார்கள். எல்லாம் குழுவின் சொந்தப் பயிற்சிப் பள்ளிப் பையன்கள். (அந்த மாட்ரிட் ஆட்டத்தில் மாட்ரிட்டின் வினிசியுஸை நிறத்தைச் சொல்லிக் கத்தியதைக் கேட்டபோது, கிட்டத்தட்ட என் நிறமும் அதுதான் என்று தோன்றியது. அந்த வெற்றியை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. இங்கே அதற்கு மேல் எழுதவில்லை.)

பையன்களை நம்பினார் பராஹா என்று புகழ்ந்தார்கள். நம்பினீர்கள்தான், ஆனால் உங்களிடம் வேறு யார் இருந்தார்கள்? மறு சீசனில் அதே பையன்களோடு 49 புள்ளி, ஒன்பதாம் இடம். அதைப் பார்த்து மேலே இருந்தவர்கள் என்ன முடிவுக்கு வந்திருப்பார்கள்? இவருக்கு ஒன்றும் வாங்கித் தரத் தேவையில்லை, இருப்பதை வைத்தே சமாளித்துவிடுவார் என்றுதானே. கோல்காப்பாளர் மமர்தஷ்விலியையும் லிவர்பூலுக்கு விற்று, ஒரு வருஷம் இரவலாக வைத்துக்கொண்டார்கள்.

உரிமையாளரைப் பற்றி நான் அளந்துதான் பேசுவேன். இந்தக் கடிதத்தை இங்கேயும் சிலர் படிப்பார்கள், என் அலுவலகத்திலும் ஓரிருவர். ஊருக்கே தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். 2019இல் பார்சலோனாவைத் தோற்கடித்து அரசர் கோப்பை வாங்கித் தந்த மார்சலினோவைச் சில மாதத்திலேயே அனுப்பினார்கள். வேலை நின்றுபோன புது அரங்கம் பல வருஷம் வெறும் கான்கிரீட்டாகவே நின்றது. மெஸ்தாயாவில் லிம் வீட்டுக்குப் போ என்று கத்தும்போது, அவர்கள் சொல்லும் அந்த வீடு என் ஊரில் இருக்கிறது. அவர்கள் பக்கம்தான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கூச்சலில் சில சமயம் சீனன், ஆசியாக்காரன் என்றெல்லாம் கலந்து வரும்போது எந்தப் பக்கம் உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள்மேல் இருக்கும் வருத்தமே இதுதான். மெஸ்தாயா கொந்தளித்துக்கொண்டிருந்தபோது நிர்வாகத்துக்கு நீங்கள் குடையாக நின்றீர்கள். பராஹாவை எதிர்த்து யார் விசிலடிப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பின் எதற்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்? ஹிஹோனிலும் தெனெரிஃபேயிலும் பயிற்றுவிப்பாளர்களை எப்படி நடத்துவார்கள் என்று கண்ணால் பார்த்தவர்தானே? அன்பால்தான் போட்டிருப்பீர்கள், புரிகிறது. புரிந்தாலும் கோபம் போகவில்லை.

கடைசி மாதங்களைப் பற்றி. 2024 அக்டோபர் 29 வெள்ளத்தில் உங்கள் பக்கத்தில் 220 பேருக்கு மேல் இறந்தார்கள். பைபோர்ட்டாவில் தெருவை அடைத்துக்கொண்டு கார்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்த படங்களை இங்கே எல்லாரும் கைப்பேசியில் பார்த்தோம். ஆட்டங்களைத் தள்ளிவைத்தார்கள். அதற்குப் பிறகு காற்பந்தைப் பற்றிப் பேசவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் பேசினோம். நானும் பேசினேன். டிசம்பர் தொடக்கத்தில் நண்பர்கள் குழுவில், போதும், அவரை விட்டுவிடச் சொல்லுங்கள் என்று எழுதியது நான்தான். அதற்கு உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன். கேட்கும்போதே, 17 ஆட்டத்தில் 12 புள்ளி, இரண்டே வெற்றி, வேறென்ன சொல்லச் சொல்கிறீர்கள் என்று கேட்கவும் தோன்றுகிறது. உங்களுக்குப் பின் வந்த கொர்பெரான் பெரும்பாலும் அதே பையன்களை வைத்து 12ஆம் இடத்தில் முடித்தார். அதனால் நான் சொன்னது தப்பில்லை என்று ஆகிவிட்டது. அது எனக்குச் சந்தோஷம் தரவில்லை, அவ்வளவுதான்.

அலாவெஸோடு 2-2, அதுதான் உங்கள் கடைசி ஆட்டம். அடுத்த நாள் அறிவிப்பு வந்தது, இரண்டு நாளில் அடுத்தவர் வந்துவிட்டார். பத்து வருஷம் ஆடி, இரண்டு லீக்கும் ஐரோப்பாவின் யுஈஎஃப்ஏ கோப்பையும் வாங்கித் தந்து, இறங்கவிருந்த குழுவைத் தூக்கி நிறுத்திய ஒருவருக்குப் பண்டிகை முடியும்வரை பொறுத்திருக்கலாம். இதைச் சொல்ல எந்தக் கணக்கும் வேண்டாம்.

என் மகன் இப்போது தேக்கா பக்கம் ஒரு திடலில் சனிக்கிழமை காலைகளில் ஆடுகிறான், மத்தியத் திடலில். உங்கள் எட்டாம் எண் ஜெர்சியைக் கேட்டான், வேறொருவனுக்குப் போய்விட்டது. உங்களைப் பற்றி நான் சொல்வதையெல்லாம் கேட்டுவிட்டு, அவர் இப்போது எங்கே என்கிறான்.

உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. மெஸ்தாயாவிலிருந்து மறுபடி அழைப்பு வரும். அந்தக் குழு இன்னொரு முறை சரிவில் நிற்கும், அப்போது உங்கள் பெயர்தான் முதலில் ஞாபகம் வரும். நிர்வாகம் இதேபோல் இருக்கும்வரை எடுக்காதீர்கள். வயாதொலித் 2025இல் மறுபடியும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 2023இல் அவர்களைக் கீழே அனுப்பியவர் என்று அங்கே சிலர் முணுமுணுக்கலாம். ஆனாலும் அங்கிருந்து கூப்பிட்டால் போங்கள். அந்த ஆட்டங்கள் இங்கே டிவியில் வராமல் போகலாம். எப்படியாவது தேடிப் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சிங்கப்பூரிலிருந்து ஒரு ரசிகன்