மூன்றாம் மாடித் தொட்டிக்கு ஓர் ஆம்பல் கிழங்கு

நாகர்கோவில்,
மாசி மாதம்.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலமாக இருக்கிறோம். உன்னுடைய நலமும் மாப்பிள்ளை, பேரன் இருவரின் நலமும் அறிய ஆவல்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதை எல்லாம் மனத்தில் வைத்திருக்கிறேன். தொட்டித் தண்ணீர் பச்சையாகிவிட்டதையும், அல்லி இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளடித்துக் கரைவதையும் நீ சொன்னபோது எனக்குப் பதில் இருந்தது. ஆனால் "கொசு வருகிறது, தொட்டியை எடுத்துவிடுங்கள்" என்று குடியிருப்புச் சங்கத்தில் சொல்லிவிட்டார்கள் என்று நீ தழுதழுத்தபோது, அதற்கு மேல் விளக்கமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை. நிதானமாகச் சொல்ல வேண்டிய செய்திகள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், தொட்டித் தண்ணீரை இனிமேல் கொட்டாதே. ஒரே மாதத்தில் மூன்று முறை கொட்டிக் கழுவி நிரப்பியதாகச் சொன்னாய். நீ அனுப்பிய படத்தில் தண்ணீரின் மேல் பழுப்பு நிறத்தில் துகள்கள் மிதக்கின்றனவே, அவை தென்னை நார்க்கழிவு. நாற்றுப் பண்ணையில் ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் போடுகிற நார்க்கழிவும் மண்புழு உரமும் சேர்ந்த கலவையிலேயே உன் அல்லியையும் நட்டுக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் கலவை நிலத்துச் செடிக்கு நல்லது, தண்ணீருக்குள் ஆகாது. நார் மிதந்து மேலே வரும். உரத்தின் சத்து முழுவதும் தண்ணீரில் கரையும். கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாத நுண்பாசிகள் அந்தச் சத்தையும் வெயிலையும் சாப்பிட்டுப் பெருகும். அதுதான் நீ பார்த்த பச்சை. நீ தண்ணீரைக் கொட்டும்போது பாசி போய்விடுகிறது, ஆனால் உரம் சட்டிக்குள்ளேயே இருப்பதால் புதுத் தண்ணீரிலும் அது கரைகிறது, பாசியும் பத்து நாளில் திரும்ப வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அடிபடுவது அல்லி மட்டும்தான்.

நார்க்கலவையை எடுத்துவிட்டு மண்ணை மாற்றிய பிறகு, தண்ணீர் மறுபடியும் ஒருமுறை பச்சையாகும். அப்போது பயப்படாமல் மூன்று நான்கு வாரம் கைகட்டி இருக்க வேண்டும். இலைகள் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் விரிந்து நிழல் தந்துவிட்டால், பாசிக்கு வெயிலும் கிடைக்காது, சத்தும் கிடைக்காது. தண்ணீர் தானாகத் தெளியும். நம் மொட்டைமாடித் தொட்டியை நான் முழுதாகக் கொட்டி இரண்டு வருடம் ஆகிறது. வற்றிய அளவுக்கு ஊற்றுவதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை. நேற்றுக் காலை குனிந்து பார்த்தபோது, அடியில் ஒரு நத்தை ஊர்ந்து போன தடம் வண்டலில் கோடு போட்டது போலத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில், ஒரு கிழட்டு இலையின் காம்பைப் பிடித்துக்கொண்டு, தும்பியின் இளம்புழு ஒன்று அசையாமல் இருந்தது. அது அப்படி இருப்பது இரைக்காகக் காத்திருக்கத்தான். அதன் இரைகளில் கொசுப்புழுவும் ஒன்று. மாதம் மூன்று முறை கழுவுகிற தொட்டியில் தும்பிப் புழு தங்காது.

இனி கொசு. சங்கத்தார் பயப்படுவதில் தவறில்லை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இப்படிப்பட்ட பாத்திரங்களில் தேங்கும் தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆனால் அது முட்டையை ஒட்டுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில். தண்ணீரைக் கொட்டினாலும் முட்டை சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, நீ மறுபடி நிரப்பிய அன்றே பொரிக்கத் தொடங்கும். நீ கொட்டி நிரப்பியதால் கொசு குறையாததற்குக் காரணம் இதுதான். இந்த ஒரு முறை மட்டும் உட்சுவரை நார் வைத்து அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டு, பிறகு மீன் விடு. கப்பி மீன் ஐந்தாறு போதும். தீனி எதுவும் போடாதே. பசியோடு இருக்கிற மீன்தான் புழுவைத் தேடித் தின்னும். அவை விரைவில் குட்டி போட்டுப் பெருகும். விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், எண்ணிக்கை கூடிவிட்டது, இரவில் தண்ணீரில் ஆக்சிஜன் போதவில்லை என்று பொருள். அப்போது பாதியைத் தொட்டி வைத்திருக்கும் வேறு யாருக்காவது கொடுத்துவிடு. ஏரியிலோ கோயில் குளத்திலோ விடாதே, அவை நம் ஊர் மீன்கள் அல்ல. சங்கத்தாரை ஒருநாள் மாலை வீட்டுக்கு அழைத்து, டார்ச் அடித்துத் தொட்டியைக் காட்டு. புழு ஒன்றுகூட இல்லாததை அவர்களே பார்க்கட்டும். அப்படியே உன் வீட்டுப் பூச்சட்டிகளுக்கு அடியில் உள்ள தட்டுகளையும் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டையும் வாரம் ஒருமுறை துடைத்து உலரவை. மீன் இல்லாத அந்த இரண்டு விரற்கடைத் தண்ணீரில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது.

நீ தாமரைதான் வேண்டும் என்றாய். ஏன் கேட்கிறாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடப் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்து தேரூர்க் குளத்துத் தாமரைகளைப் பார்த்துக்கொண்டே போனவள் நீ. தோவாளைச் சந்தையில் தாமரை இலையில் பொதிந்து தருகிற பூவை, இலையைப் பிரிக்காமல் வீடு வரை மடியில் வைத்துக்கொண்டு வருவாய். ஆனாலும் சொல்கிறேன், உன் பால்கனிக்குத் தாமரை வேண்டாம். தாமரைக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் நேர் வெயில் விழ வேண்டும். உன் மேற்குப் பால்கனியில் மதியத்துக்கு மேல் ஐந்து மணி நேரம் விழுந்தால் பெரிது. இலை வரும், வருடம் முழுவதும் பூவுக்காகக் காத்திருந்து ஏமாந்து போவாய்.

தாமரை கொஞ்சம் நுட்பமான செடியும்கூட. நான் மாடியில் முதன்முதலில் வைத்த தாமரையை என் கையாலேயே கொன்றேன் என்பதை உனக்குச் சொன்னதில்லை. ஓர் ஐப்பசி மாதம், பழுத்த இலைகள் அசிங்கமாக இருக்கின்றனவே என்று, கத்தரிக்கோலை நீருக்குள் விட்டுக் காம்புகளை எல்லாம் அடியோடு வெட்டினேன். பச்சையாக நின்ற இரண்டு இலைகளையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. தை மாதம் சேற்றைக் கிளறிப் பார்த்தபோது கிழங்கு கூழாகிக் கிடந்தது. தாவரவியல் ஆசிரியை செய்கிற வேலையா அது! தாமரைக் காம்பைத் துண்டாக நறுக்கி, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் ஊதினால் குமிழி குமிழியாக வரும் என்று வருடந்தோறும் வகுப்பில் செய்து காட்டியவள் நான். நீருக்கு மேல் நிற்கிற இலை இழுக்கும் காற்று, காம்பில் உள்ள குழாய்கள் வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் கிழங்குக்குப் போகிறது. காம்பை நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டினால் அந்தக் குழாய்களில் தண்ணீர் ஏறிவிடும், கிழங்கு மூச்சுமுட்டிச் செத்துப்போகும். வகுப்பில் நான் எழுதிப்போட்ட பாடம் கத்தரிக்கோல் எடுத்தபோது நினைவுக்கு வரவில்லை. அதனால்தான் இப்போதும் எந்த நீர்ச்செடியின் பழுத்த இலையானாலும், அது முழுதாகச் சாய்ந்த பிறகு கையால் மெல்ல இழுத்தே எடுக்கிறேன்.

உனக்கு நான் அனுப்பப்போவது செவ்வல்லி, அதாவது சிவப்பு ஆம்பல். நீ காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவள். பகலில் பூக்கும் நீல அல்லியைப் பண்ணையில் கேட்டு வாங்கியிருக்கிறாய். அது காலையில் விரிந்து மாலைக்குள் கூம்பிவிடும், ஞாயிறு தவிர வேறு நாளில் நீ அதைப் பார்க்கவே போவதில்லை. செவ்வல்லி இருட்டத் தொடங்கும்போது அவிழ்ந்து, இரவு முழுவதும் விரிந்திருந்து, மறுநாள் காலை வெயில் ஏறிய பிறகுதான் மூடும். ஒரு பூ மூன்று நான்கு இரவுகள் இப்படித் திறந்து மூடும். நீ செருப்பைக் கழற்றும் நேரத்தில் அது மலர்ந்திருக்கும். இருக்கிற நீல அல்லியையும் தூக்கிப் போட வேண்டாம். மண்ணை மாற்றி அதையும் பக்கத்திலேயே வை, பேரன் பகலில் பார்க்கட்டும்.

நடும் முறையைக் கவனமாகப் படி. பெரிய தொட்டிக்குள் நேராக மண்ணைக் கொட்டாதே. பத்து லிட்டர் கொள்ளும் அகலமான, அடியில் ஓட்டை இல்லாத பிளாஸ்டிக் பேசினில் நட்டு, பேசினைத் தொட்டிக்குள் இறக்கு. அப்போதுதான் பிறகு எடுத்துப் பார்ப்பது எளிது. மண் களிமண்ணாக இருக்க வேண்டும். கையில் உருட்டினால் கொழுக்கட்டைபோல் நிற்கிற மண் சரியான மண். நன்றாக மக்கிக் காய்ந்த சாணத்தூள் இரண்டு கைப்பிடியைப் பேசினின் அடியில் மட்டும் போட்டு, அதன்மேல் களிமண்ணை நிரப்பு. பச்சைச் சாணம் கூடாது, அழுகி நாற்றமெடுக்கும். கிழங்கை மண்ணில் பதிக்கும்போது முளைக்கும் முனை மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். அதை மூடிவிட்டால் அழுகிவிடும். மேலே ஒரு விரற்கடை உயரத்துக்கு ஆற்று மணலைப் பரப்பினால் மீன் மண்ணைக் கலக்காது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால், வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்த பிறகு ஊற்று. தொடக்கத்தில் முனைக்கு மேல் நான்கு விரற்கடைத் தண்ணீர் போதும். தொட்டிக்குள் இரண்டு செங்கல்லை வைத்து அதன்மேல் பேசினை வை, இலை நீள நீளச் செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளலாம். புது இலை நான்கைந்து வந்த பிறகு, மாதம் ஒருமுறை அரைத் தேக்கரண்டி டிஏபி உரத்தைச் செய்தித்தாளில் பொட்டலமாக மடித்து, விரலால் மண்ணுக்குள் ஆழமாகச் செருகு. தண்ணீரில் தூவினால் பச்சைப் பாசி மறுபடியும் வந்து நிற்கும்.

தண்ணீர் சீக்கிரம் தெளியட்டும் என்று ஆகாயத்தாமரை, அதாவது சிறு முட்டைக்கோசு விரிந்ததுபோல் மிதக்கிற செடி, நான்கைந்து வாங்கி விடலாம், சத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். பெருகினால் அள்ளி வெயிலில் காயவைத்துச் செடிக்கு உரமாகப் போடு. உயிரோடு சாக்கடையிலோ ஏரியிலோ விட்டுவிடாதே. காம்பு வெங்காயம்போல் உப்பி ஊதாப் பூப்பூக்கும் வெங்காயத்தாமரையை மட்டும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதே. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி நம் ஏரி குளங்களை எப்படி மூடிக்கொண்டிருக்கிறது என்பதை நீயே ரயிலில் வரும்போது பார்த்திருப்பாய்.

இரண்டு காரியங்களை மாப்பிள்ளையிடம் சொல்லி உடனே செய்துவிடு. உன் தொட்டி இரண்டடி அகலம், ஒன்றேகால் அடி உயரம் என்றாய். அதில் ஏறத்தாழ 110 லிட்டர் பிடிக்கும். மண்ணும் செங்கல்லும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல் எடை. பால்கனியின் வெளிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வைக்காமல், வீட்டுச் சுவரை ஒட்டி வை. வடகிழக்குப் பருவமழைக்கு முன், விளிம்புக்குக் கீழே மூன்று விரற்கடையில் ஒரு சிறு துளை போட்டுக் கொசுவலைத் துணியால் மூடிவிட்டால், நிரம்பி வழியும்போது மீன் வெளியே போகாது.

மற்றொன்றை நினைத்தால் எனக்கு இரவில் தூக்கம் வருவதில்லை. பேரனுக்கு இரண்டு வயது. அந்த வயதுக் குழந்தைக்கு ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம், தலைகுப்புற விழுந்தால் அதற்குத் தானாக எழத் தெரியாது, சத்தமும் வராது. வெல்டிங் பட்டறையில் தொட்டியின் அளவுக்கு இரும்புக் கம்பி வலை செய்து, மேலே வைத்துக் கம்பியால் இறுகக் கட்டிவிடுங்கள். அவன் ஏறி நின்றாலும் தாங்க வேண்டும். இலை வலைக்குக் கீழே நீரில் மிதக்கும், மொட்டு வலைக்கண் வழியாக மேலே வந்துவிடும். வலை வந்து சேரும்வரை தொட்டியில் தண்ணீர் நிரப்பாதே. இதை மட்டும் எனக்காகச் செய்.

கிழங்கை வியாழக்கிழமை இரவு பஸ்ஸில் அனுப்புகிறேன். ஈரத் துணியில் சுற்றி, அதன்மேல் தாமரை இலையைப் பொதிந்து, அட்டைப்பெட்டியில் வைத்திருப்பேன். இலையைப் பிரித்ததும் ஒரு பக்கம் செந்நிறத்தில் சிறு முளை தெரியும், அதுதான் மேல் பக்கம். வலை தயாராகவில்லை என்றால் அவசரப்படாதே. பேரனுக்கு எட்டாத உயரத்தில் ஒரு சிறிய பாத்திரத்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் ஒரு வாரம் தாங்கும். நடும்போது போனைப் பேசினுக்குப் பக்கத்தில் நிறுத்தி வை, நானும் அப்பாவும் பார்த்துக்கொண்டிருப்போம்.

அன்புடன்,
அம்மா